குளித்தபின் இறங்கும் தொட்டி

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேரையூரில் நம் வட்டம் தொடங்கிப் பத்தாண்டுகள் நிறைவுறும் இந்நாளில், என் ஜப்பான் பயணத்தைப் பற்றிச் சிறிது நேரம் பேச வேண்டுமென்று செயலாளர் கேட்டுக்கொண்டார். 2023ஆம் ஆண்டு நவம்பரில் மூன்று வாரங்கள் தோக்கியோவில் என் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். அந்நாட்டின் விரைவு ரயிலைப் பற்றியும் வானுயர்ந்த கட்டடங்களைப் பற்றியும் எழுதியவர் பலர். ஆகவே, ஒரு மாலைப் பொழுதில் அங்குள்ள பொதுக் குளியலகம் ஒன்றில் குளித்ததைப் பற்றி மட்டும் பேச இசைவு கேட்டேன்.

குளித்த கதையைச் சொல்ல ஓர் இலக்கிய மேடையா என்று எவரும் எண்ண வேண்டா. நீராடலைப் பாடுவது தமிழுக்குப் பழைய வழக்கம். பரிபாடலில் இன்று முழுமையாகக் கிடைக்கும் இருபத்திரண்டு பாடல்களில் எட்டுப் பாடல்கள் நம் வையைக்கு உரியவை. புதுப்புனல் வந்ததும் மதுரை மக்கள் திரண்டு சென்று ஆடிய நீராட்டை அவை பாடுகின்றன. திருப்பாவையும் திருவெம்பாவையும் மார்கழி நீராட்டில் பிறந்தவை. திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலத்தைக் குறவஞ்சியாக்கினார். திருநெல்வேலி வண்ணார்பேட்டை வீட்டில் வட்டத்தொட்டி கூட்டிய ரசிகமணி டி.கே.சி. தம் பிற்காலத்தில் குற்றாலத்திலேயே வந்து தங்கினார். அருவியில் குளித்துவிட்டு வந்த நண்பர்களோடு கவிதை பேசினார். அந்த மரபின் ஓரத்தில் நின்றே நானும் பேசுகிறேன்.

அந்தக் குளியலகத்தை ஜப்பானியர் 'செந்தோ' என்பர். காசு கொடுத்துக் குளிக்கும் வெந்நீர் என்பது அச்சொல்லின் பொருள். இன்றைய தோக்கியோ அந்நாளில் எதோ எனப்பட்டது. 1591ஆம் ஆண்டு அந்நகரில் முதற் செந்தோ தொடங்கப் பெற்றதாகப் பழைய குறிப்புகள் கூறுகின்றன. மரவீடுகள் நெருங்கிய நகரில் வீட்டுக்கு வீடு அடுப்பு மூட்டி வெந்நீர் வைப்பது தீ விபத்துக்கு அழைப்பு. விறகும் தண்ணீரும் எளிதில் கிடைக்கவில்லை. ஆகவே தெருவுக்குத் தெரு பொதுக் குளியலகம் வேண்டியதாயிற்று. 1968ஆம் ஆண்டையொட்டி நாடு முழுவதும் ஏறத்தாழ 18,000 செந்தோக்கள் இருந்தன. வீடுதோறும் குளியலறை வந்தபின் அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டு, இன்று இரண்டாயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டன.

நான் சென்ற இடம் ஒரு சிறு தெருவில் இருந்தது. பின்னால் உயரமான புகைபோக்கி. முன்னால் நம் கோயில் மண்டபத்தை நினைவூட்டும் வளைந்த கூரை. 1923ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்துக்குப் பின் தோக்கியோவில் இவ்வகைக் கூரை பரவியதாம். வாயிலில் தொங்கிய துணித் திரையில் வெந்நீரைக் குறிக்கும் 'யு' என்னும் ஒற்றை எழுத்து. கட்டணம் 520 யென். இக்கட்டணத்தின் உச்சவரம்பைக் கடைக்காரர் தம் விருப்பப்படி உயர்த்த இயலாது. அரசே அதை வரையறுக்கிறது. 1946ஆம் ஆண்டு போருக்குப் பிந்திய பஞ்ச காலத்தில் பிறந்த விலைக் கட்டுப்பாட்டு ஆணை, குளியலுக்கு மட்டும் இன்றும் உயிரோடிருக்கிறது. ஏழைக்கும் குளியல் எட்ட வேண்டும் என்னும் எண்ணம் அதில் இருக்கிறது.

உள்ளே ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு மறு பக்கம். ஆடை களையும் அறையில் எல்லாவற்றையும் களைந்துவிட வேண்டும், கோவணமும் கூடாது. அறுபது வயதைக் கடந்த எனக்கு, மருமகன் எதிரில் அப்படி நிற்பதைக் காட்டிலும் அடுத்த விமானத்தில் ஏறி மதுரைக்கே திரும்பிவிடுவது மேல் என்று தோன்றியது. ஆனால் உள்ளே நுழைந்த சில நிமிடங்களில் அந்தக் கூச்சம் அகன்றது. எவரும் எவரையும் பார்க்கவில்லை. கிழவர் ஒருவர் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு தந்தை தன் சிறு மகனின் தலையில் நீர் வார்த்துக்கொண்டிருந்தார். எதிர்ச் சுவர் முழுவதும் ஃபூஜி மலையின் ஓவியம். அதன் அடியில் ஆவி பறக்கும் பெரிய தொட்டி.

நம் ஊர்ப் பழக்கத்தில் நான் நேரே தொட்டியை நோக்கி நடந்தேன். மருமகன் பதறிக் கையைப் பற்றினார்.

"மாமா, இறங்கிடாதீங்க. முதல்ல இங்க உட்கார்ந்து நல்லாக் குளிச்சு முடிச்சிருங்க. அதுக்கப்புறம்தான் தொட்டி."

சுவரோரம் வரிசையாகத் தாழ்ந்த குழாய்கள். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சிறு முக்காலி, ஒரு மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் வாளி. அதில் அமர்ந்து, சோப்புத் தேய்த்து, ஒரு துளி நுரையும் உடலில் இராதபடி கழுவிக்கொள்ள வேண்டும். அந்த அழுக்கு நீர் தரையிலுள்ள வடிகாலில் ஓடிப் போய்விடும். அதன் பிறகே, முழுவதும் தூய்மையான உடலோடு, நாற்பத்திரண்டு பாகைச் சூடுள்ள பொதுத் தொட்டியில் இறங்கலாம். சிறு துண்டைக் கூட நீரில் நனைக்கலாகாது. மடித்துத் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும். குளிப்பதற்காக இறங்கும் குளத்தைத்தான் நாம் அறிவோம். குளித்தபின் இறங்கும் தொட்டியை அன்றுதான் கண்டேன்.

கழுத்தளவு வெந்நீரில் அமர்ந்து கண்ணை மூடினேன். உடலின் களைப்பெல்லாம் கரைந்தது. அந்த இன்பத்தின் நடுவே, எதிர்பாராமல், ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு காட்சி மனத்தில் எழுந்தது. அதைச் சொல்லவே இம்மேடை ஏறினேன்.

எங்கள் தோட்டத்துக் கிணற்றில் பம்புசெட்டு ஓடும் நாள்களில், பள்ளி விட்டதும் நாங்கள் ஏழெட்டுப் பையன்கள் ஓடுவோம். குழாய் நீர் கொட்டும் சிமெண்டுத் தொட்டியில் குதிப்போம். அந்தக் கூட்டத்தில் என் வகுப்புத் தோழன் ஒருவனும் வருவான். அவன் வீடு காலனியில். அவன் தொட்டியருகே வந்தபோதெல்லாம், களத்தில் அமர்ந்திருக்கும் என் அப்பத்தா கோபமின்றி, மிக இயல்பாக, "தம்பி, நீ வாய்க்கால்ல குளிச்சுக்கப்பா" என்பார். அவனும் இயல்பாகவே இறங்கிப் போவான். தொட்டி நிறைந்து வழியும் நீர் செல்லும் வாய்க்கால் அது. எங்கள் உடம்பில் பட்டு, எங்கள் சோப்பு நுரையைச் சுமந்து வழிந்த நீரில் அவன் குளித்தான். கூவிக் கும்மாளமிட்டுக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் அது தவறென்று தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அதைத்தான் இன்று உங்கள் முன் ஒப்புக்கொள்கிறேன்.

தோக்கியோவின் தொட்டியில் அமர்ந்திருந்தபோது இந்த இரண்டு ஒழுங்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். செந்தோவில் ஒருவர் தம்மைக் கழுவிக்கொண்டு இறங்குவது, தம் அழுக்கு அடுத்தவரைத் தொட்டுவிடலாகாதே என்னும் அச்சத்தால். எங்கள் தோட்டத்தில் இருந்த அச்சம், அடுத்தவர் தொட்டால் நாம் அழுக்காகிவிடுவோமே என்பது. முதல் அச்சத்தில் பொறுப்பு தன்மேல் இருக்கிறது. இரண்டாவதில் குற்றம் பிறர்மேல் சுமத்தப்படுகிறது. இதில் கொடிய முரண் என்னவென்றால், எங்கள் தோட்டத்தில் உண்மையான அழுக்கைச் சுமந்த நீர் அவனுக்கே சென்றது. தூய்மை கெடுபவர்கள் என்ற பெயரும் அவன் வீட்டாருக்கே கிடைத்தது.

அதே தோழனும் நானும் கல்லூரி நாள்களில் ஓர் ஆடி மாதம் குற்றாலம் சென்றோம். டி. கல்லுப்பட்டியில் தென்காசிப் பேருந்தைப் பிடித்து, திருவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகப் போய் இறங்கியபோது சாரல் பொழிந்துகொண்டிருந்தது. பேரருவியின் கீழே எண்ணெய் பூசிய உடல்களின் நெரிசலில் இருவரும் தோளோடு தோள் ஒட்டி நின்றோம். அவன் என் காதருகே வாய் வைத்துக் கத்தினான்: "இங்க மேல்மடை கீழ்மடை இல்லடா!"

அன்று நான் சிரித்தேன். அவன் சொன்னதன் பொருள் எனக்குப் புலப்பட நெடுங்காலம் ஆயிற்று. குற்றாலத்தில் நின்ற எங்களை எவருக்கும் தெரியாது. எந்த ஊர், எந்தத் தெரு என்று அருவியின் கீழ் எவரும் கேட்பதில்லை. பயணிக்குக் கிடைக்கும் சமத்துவம் எளியது. பேருந்து திரும்பி ஊர் எல்லைக்குள் நுழைந்ததும் அது இறங்கிப் போய்விடும். பள்ளியிலும் குற்றாலத்திலும் என்னை 'டா' போட்டு அழைத்த தோழன், ஊருக்குள் வந்ததும் 'நீங்க' என்றே பேசினான். இன்றும் அப்படியே பேசுகிறார்.

செந்தோவின் சிறப்பு இவ்விடத்தில்தான் எனக்கு விளங்கிற்று. அது அயலூரார் கூடும் சுற்றுலா இடம் அன்று. அதே தெருவில் வாழ்ந்து, ஒருவரை ஒருவர் நன்கறிந்தவர்கள், நாள்தோறும் ஆடையின்றிச் சந்திக்கும் இடம். 'ஆடையற்ற உறவு' என்று பொருள்படும் ஒரு தொடரே அம்மொழியில் இருக்கிறது. ஷிகிதெய் சம்பா என்னும் எழுத்தாளர் 1809 முதல் 1813 வரை நான்கு பகுதிகளாக வெளியிட்ட 'உகியோபுரோ' என்னும் நூலுக்குக் குளியலகமே களம். அதில் பெரிய கதை ஏதும் இல்லை. காலை முதல் மாலை வரை குளிக்க வருவோரின் பேச்சு மட்டுமே உண்டு. கிழவர், வேலைக்காரப் பெண்கள், நாட்டுப்புறத்தார், பார்வையற்றோர் எனப் பலரும் தத்தம் வழக்கில் பேசுகிறார்கள். ஆடை களைந்தால் உயர்ந்தோரும் தாழ்ந்தோரும் ஒன்றே என்னும் கருத்தை ஆசிரியர் முன்னுரையில் நகைச்சுவையோடு வைக்கிறார்.

இதைக் கேட்டு, ஜப்பான் சமத்துவத்தின் தாயகம் என்று எவரும் முடிவு செய்துவிட வேண்டா. நானும் அந்த மயக்கத்தோடுதான் திரும்பினேன். படிக்கப் படிக்கத் தெளிந்தது. தோல் பதனிடுதல், விலங்கு அறுத்தல் முதலிய தொழில்களைச் செய்தோரை அந்நாடும் பிறப்பால் ஒதுக்கியே வைத்திருந்தது. 1871ஆம் ஆண்டு அரசாணை அவ்வொதுக்கலை நீக்கியது. ஆணைக்குப் பின்னும் அது நீடித்தது. 1922ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அம்மக்கள் கியோத்தோ நகரில் கூடித் தமக்கென ஓர் அமைப்பைக் கண்டனர். அதன் பெயர் 'சுயிஹெய்ஷா'. நீரைக் குறிக்கும் எழுத்தையும் சமதளத்தைக் குறிக்கும் எழுத்தையும் சேர்த்து அமைத்த பெயர் அது. நீரின் மட்டம் போல் மாந்தரும் மட்டமாக நிற்க வேண்டும் என்று விரும்பியவர்கள், தம் அமைப்பின் பெயருக்கு நீரையே நாடினர்.

இன்னும் அண்மையில் நடந்தது ஒன்று. வடக்கே ஒத்தாரு என்னும் துறைமுக நகரில் ஒரு குளியலகம், ஜப்பானியர் மட்டும் என்று பலகை வைத்து வெளிநாட்டாரைத் தடுத்தது. தடுக்கப்பட்டவர்களில் ஒருவர் அந்நாட்டுக் குடியுரிமையே பெற்றபின்னும் முகத்தைப் பார்த்துத் தடுக்கப்பட்டார். வழக்கு நடந்தது. 2002ஆம் ஆண்டு நவம்பரில் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் அது இனப் பாகுபாடே என்று கூறி, வழக்குத் தொடுத்த மூவருக்கும் தலைக்குப் பத்து இலட்சம் யென் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. நீருக்கு வேற்றுமை தெரியாது என்று நாம் கவிதை எழுதலாம். நீரின் வாசலில் நிற்பவருக்கு அது நன்றாகத் தெரியும்.

நம் நாட்டில் இதை அம்பேத்கரைப் போல் உணர்ந்தவர் இல்லை. 1927ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் மகாடு நகரின் சவ்தார் குளத்துக்கு ஆயிரக்கணக்கான மக்களை அழைத்துச் சென்று அவர் நீரை அள்ளிப் பருகினார். சுயிஹெய்ஷா தோன்றி ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. அக்குளம் எல்லோருக்கும் உரியது என்று நகராட்சி முன்பே தீர்மானித்திருந்தும், அந்நாள் வரை எவரும் அதை நடைமுறைப்படுத்தவில்லை. பிறகு மேல்சாதியார் 108 குடங்களில் பஞ்சகவ்வியம் ஊற்றிக் குளத்தைத் 'தூய்மை' செய்தனர். வழக்கு பத்தாண்டுகள் நடந்து, 1937ஆம் ஆண்டுதான் உயர்நீதிமன்றத்தில் முடிவுற்றது. அவர் தலைமையில் வரைவு செய்யப்பெற்று 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் பதினைந்தாம் பிரிவைப் படித்துப் பாருங்கள். சாதி முதலியவற்றைக் காட்டி எவரையும் தடுக்கலாகாத பொது இடங்களின் வரிசையில் கிணறு உண்டு, குளம் உண்டு, சாலை உண்டு. 'நீராடு துறை' என்றும் தனியே சொல்லப்பட்டிருக்கிறது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் குளிக்கும் துறையைப் பெயர் சொல்லி எழுத வேண்டியிருந்தது என்றால், அந்நாட்டின் துறைகளில் என்ன நடந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் கழித்தே எங்கள் தோட்டத்து வாய்க்காலில் என் தோழன் குளித்தான். 2022ஆம் ஆண்டு டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சமூகத்தார் பருகும் நீர்த்தொட்டியில் மலம் கலந்திருக்கக் கண்டோம்.

ஊர் திரும்பிய மறுவாரம் அந்தத் தோழரைக் காணச் சென்றேன். தபால் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். செந்தோவின் கதையை ஆவலோடு சொன்னேன். ஃபூஜி மலையையும் மஞ்சள் வாளியையும் தலையில் வைத்த துண்டையும் கேட்டுச் சிரித்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"குளிச்ச தண்ணி எந்தப் பக்கம் வடியும்?"

தனியே வடிகாலில் போய்விடும், எவர் மீதும் படாது என்றேன். "அப்ப நல்ல ஏற்பாடுதான்" என்று சொல்லிச் சிறிது நேரம் பேசாதிருந்தார். வாய்க்காலை அவரும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை என்பது அப்போது இருவருக்கும் தெரிந்தது. அதைப் பற்றி வாய் திறந்து பேச எனக்குத்தான் ஐம்பது ஆண்டுகள் ஆயின. மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. எழுந்து, "வாங்க, காட்டுறேன்" என்று வீட்டின் பின்பக்கம் அழைத்துச் சென்றார். ஒரு சிறு குளியலறை. நீல நிற ஓடுகள் பதித்தது. "வீடு கட்டுறப்ப முதல்ல இதைத்தான் கட்டினேன். பூட்டிக்கிட்டுக் குளிக்கிறப்பதான் குளிக்கிற மாதிரி இருந்துச்சு" என்றார்.

அன்பர்களே, இந்த இடத்தில் என் உரை ஒரு சிக்கலில் வந்து நிற்கிறது. ஜப்பானில் வீட்டுக் குளியலறை பெருகிச் செந்தோ அருகுவதை ஒரு கூட்டுறவின் இழப்பாகக் கருதி வருந்துகிறார்கள். அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. அந்தத் தொட்டியின் இதத்தை நானும் நுகர்ந்தேன். நம் ஊரிலும் பம்புசெட்டுக் குளியல் போய்விட்டது. கிணறுகள் வற்றி ஆழ்துளைக் குழாய்கள் வந்தன. வீட்டுக்கு வீடு குளியலறை வந்தது. நாமும் வருந்துகிறோம். ஆனால் நாம் எதை இழந்தோம் என்று வருந்துகிறோமோ, அதிலிருந்து தப்பியதே என் தோழருக்கு விடுதலையாக இருந்திருக்கிறது.

நம் வட்டத்தின் பத்தாண்டுக் கவியரங்குகளில் பம்புசெட்டுக் குளியலைப் பாடிய கவிதைகள் எத்தனை! ஊருணியை, கண்மாய்க் கரையை, தொட்டியில் குதித்த நண்பகலை நாம் ஏங்கி ஏங்கிப் பாடியிருக்கிறோம். நானே மூன்று கவிதைகள் பாடியிருக்கிறேன். மூன்றிலும் தொட்டி இருக்கிறது. ஒன்றிலாவது வாய்க்கால் இல்லை. அக்கவிதைகள் பொய் சொல்லவில்லை என்று நான் வாதாடலாம். நான் தொட்டிக்குள் இருந்தேன், தொட்டியைப் பாடினேன். ஆயினும் அந்த மகிழ்ச்சியின் மறுபாதி என் கண்ணெதிரே நுரையில் நின்றுகொண்டிருந்தது.

ஏங்கிப் பாடாதீர்கள் என்று நான் கூற வரவில்லை. ஏக்கம் கவிதைக்கு உரிய பொருளே. பாடுமுன் என் தோழர் கேட்ட கேள்வியை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள் என்று மட்டும் வேண்டுகிறேன். அந்தத் துறையில் நீர் எந்தப் பக்கம் வடிந்தது? வடிந்த பக்கம் நின்றவர் யார்? அவர் இன்று அதைப் பற்றி என்ன சொல்கிறார்? சம்பாவைப் போல நாமும் காது கொடுத்துக் கேட்டால், குளித்தோரின் பேச்சிலிருந்தே நம் ஊருக்கு ஒரு நூல் கிடைக்கும். அதன் முதற்பக்கத்தை எழுத உரியவர்கள் நான் அல்லேன். அவர்கள் எழுதும்போது இவ்வட்டத்தின் வாசல் திறந்திருக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு என் தோழரை அழைத்திருக்கிறேன். கவிதை தெரியாது என்று தயங்கினார். பேசினால் போதும் என்றேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வரும் நாளில் என்னுடைய மூன்று கவிதைகளையும் அவர் முன் படித்துக் காட்டி, விடுபட்டதை அவர் வாயால் கேட்டு எழுதிக்கொள்ள எண்ணியிருக்கிறேன். நீங்கள் அனைவரும் அன்று தவறாது வர வேண்டும்.